ஐந்தாம் தேதிச் செய்தி

வங்கிக் கணக்கு தொடங்கியபோது என்னிடம் கைபேசி கிடையாது. கோபாலபுரத்தில் நான் சமையல் வேலை செய்த வீட்டு அம்மாவின் எண்ணைக் கொடுத்தேன். வீட்டு வேலைக்குப் போகிற எங்களில் பலரும் அப்படித்தான் செய்தோம். பிறகு அந்த அம்மா மகனோடு வெளிநாடு போய்விட்டார். வங்கியில் எண்ணை மாற்ற வேண்டும் என்பது என் மரமண்டைக்கு உறைக்கவே இல்லை.

என் கணக்கு இருந்த மயிலாப்பூர்க் கிளையை மூடி அடையாறு கிளையோடு சேர்த்தார்கள். இரண்டு பஸ் மாறி அலைவதைவிட, என் தெருமுனையில் இருக்கும் வேறு வங்கிக்கு மாறிவிடலாம் என்று கிளம்பினேன். அடையாறு கிளையில் போய்க் கேட்டால், கணக்கை மூட ஓடிபி வேண்டுமாம். அது பழைய எண்ணுக்குத்தான் போகுமாம். எண்ணை மாற்ற வாடகை ஒப்பந்தம் வேண்டுமாம். என் வீட்டு ஓனர் அதை மட்டும் எழுதித் தரவே மாட்டார். உள்ளே இருப்பது என் மொத்தச் சேமிப்பு. வயதான காலத்துக்கு எனக்கு வேறு நாதி இல்லை.

"அந்த நம்பருக்கே போன் பண்ணிப் பாருங்கம்மா" என்றார் கவுன்டரில் இருந்தவர். கிண்டல் செய்கிறார் என்று எரிச்சல் வந்தது. இருந்தாலும் அங்கேயே நின்று, பிற்பாடு வாங்கிய என் கைபேசியில் போட்டேன்.

எடுத்தவர் ஓர் ஆட்டோக்காரர். அந்த எண் இப்போது அவருடையது. ஓடிபி கேட்டதும் என்னை ஏமாற்றுக்காரி என்று நினைத்துப் போனை வைத்துவிடுவார் என்று பயந்துகொண்டே விஷயத்தைச் சொன்னேன்.

"அக்கா, நீங்களா அது? மாசாமாசம் அஞ்சாந்தேதி நீங்க துட்டு கட்டுனா எனக்குத்தான் மெசேஜ் வருது. நடுவுல ரெண்டு மாசம் வரல. இன்னா ஆச்சோ, ஒடம்பு கிடம்பு சரியில்லியோன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

அந்த இரண்டு மாதமும் நான் மஞ்சள் காமாலையில் படுத்திருந்தேன். என் மாடியறையை ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. வேலை செய்த வீடுகளில் வேறு ஆள் வைத்துக்கொண்டார்கள்.

"ஆமாப்பா, ஒடம்பு சரியில்ல" என்று மட்டும் சொன்னேன்.

வந்த ஓடிபி எண்களை அவர் ஒவ்வொன்றாகப் படிக்க, நான் கவுன்டரில் சொன்னேன். கணக்கை மூடினார்கள்.

"இனிமே மெசேஜ் வராதுல்லக்கா?" என்றார்.

"வராதுப்பா."

நினைத்த காரியம் முடிந்ததே என்று சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பஸ்ஸில் திரும்பும்போது அழுகைதான் வந்தது.

அடுத்த மாதம் ஐந்தாம் தேதி தெருமுனை வங்கியில் பணம் கட்டினேன். செய்தி என் கைபேசிக்கே வந்தது. அறைக்கு வந்து இரண்டு தடவை படித்தேன். பிறகு அந்தப் பழைய எண்ணைக் கூப்பிட்டு, "பணம் கட்டிட்டேன்ப்பா" என்றேன்.