விதைக்கடை நாகப்பனும் கோர்த்த கிளையும்

ஐப்பசி மழை சற்று விட்டிருந்த காலை. புதுக்கோட்டையிலிருந்து அறந்தாங்கி போகும் முதல் பஸ் என் நாற்றுப் பண்ணைக்கு எதிரே நின்றது. அங்கே நிறுத்தம் கிடையாது. கண்டக்டர் படியில் நின்றபடியே கூப்பிட்டார். "அண்ணே, விதைக்கடை நாகப்பன் அண்ணன் தவறிட்டாருங்க. விடியக்காலம் நெஞ்சு வலின்னு சொன்னாராம், அவ்வளவுதான். திரும்பி வர்றப்ப ஏத்திக்கிறேன், ரெடியா இருங்க."

நான் ஒட்டு மாங்கன்றுகளின் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். சரி என்று சொன்னேன். பஸ் திரும்பி வரும்வரை மீதிக் கன்றுகளின் கட்டையும் அவிழ்த்தேன். கண்ணில் தண்ணீர் இல்லை. இதை எழுதும் இன்றுவரை வரவில்லை. அழுதேன் என்று எழுத வராது. அழாததை அப்படியே எழுதுகிறேன்.

வாசகசாலையில் நடந்த இரங்கல் கூட்டத்துக்கு உங்களில் பலர் வந்திருந்தீர்கள். தலைமை வகித்தவர் என்னைப் பேச அழைக்கும்போது, "நாகப்பனுக்கு வேர் வேலையில் ஒத்தாசையாக இருந்தவர்" என்று அறிமுகம் செய்தார். நான் மேடை ஏறவில்லை. தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டார்கள். தொண்டை நன்றாகத்தான் இருந்தது. நான் யாருக்கும் ஒத்தாசை செய்தவன் அல்ல. அவர் தட்டில் வளர்த்த மரத்தின் வேர் முழுவதும் என் கை வேலை. அங்கே சொல்ல மறுத்ததை இந்த நினைவு மலரில் எழுதிவிடுகிறேன்.

புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம் நாகப்பன் குன்னூரிலிருந்து ஊர் திரும்பினார். அங்கே ஒரு வெள்ளைக்காரர் பங்களாத் தோட்டத்தில் மேஸ்திரியாக இருந்தவர். துரை பங்களாவை விற்றுவிட்டுக் கப்பல் ஏறும்போது, வேண்டியதை எடுத்துக்கொள் என்றாராம். மற்ற வேலைக்காரர்கள் நாற்காலியும் விளக்கும் எடுத்துக்கொண்டார்கள். நாகப்பன் ஒரு மண் தட்டில் வெட்டி வெட்டி முழங்கை உயரத்துக்கே குட்டையாக வளர்த்த ஜப்பான் மேப்பிள் மரத்தை எடுத்துக்கொண்டு, ரயிலிலும் பஸ்ஸிலும் மடியில் வைத்தே கொண்டுவந்து சேர்த்தார். கை விரித்தாற்போல் இலை. தளிர் சிவப்பாக வரும். கீழ ராஜ வீதியில் விதைக்கடை போட்டுப் பின்கட்டில் அதை வைத்தார். அந்த மரத்தைப் பார்க்கப் போனதுதான் எங்கள் பழக்கத்தின் தொடக்கம்.

"இது இங்க தங்காது நாகப்பா. இந்த ஊரு வெயில்ல நாமளே தங்குறது பெருசு" என்றேன்.

"வெயிலுக்குத் தென்னந்தட்டி கட்டிக்கலாம்ணே. இதுக்குக் குளிருதான் வேணும். வருஷத்துல கொஞ்ச நாளாச்சும் குளிருல தூங்கணும். தூங்காத மரம் மறு வருஷம் முழிக்காது."

"குளிருக்கு எங்கிட்டுப் போவே?"

"சோடாக் கம்பெனிக்கு" என்றார்.

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மார்கழி பிறந்ததும் இலைகளைக் கையால் கிள்ளி எடுத்துவிட்டு, மரப்பெட்டியில் உமியைக் கொட்டி, நடுவே தட்டை இறக்கி, சுற்றிலும் ஐஸ் கட்டியை அடுக்கிச் சாக்குப் போட்டு மூடினார். உருக உருகப் புது ஐஸ். மார்கழி முழுவதும் இதே வேலை. கடைத்தெருவே வேடிக்கை பார்த்தது. "நாகப்பண்ணே, மரத்துக்குக் கம்பளி வாங்கலையா?" என்று எதிர்க் கடைக்காரர் தினமும் கேட்பார். "ஒங்க வீட்டுல இருந்தா குடுங்க, வாங்கிக்கிறேன்" என்று இவர் தினமும் பதில் சொல்வார். ஐஸ் மரம் என்றே பெயராகிவிட்டது. மாசியில் அது சிவப்பாகத் துளிர்த்தது. நான் தங்காது என்று சொன்ன மரம் தங்கியது. அதற்குக் காரணம் ஐஸ் மட்டுமல்ல. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை தட்டைக் கவிழ்த்து வேரைக் கழித்துப் புது மண் மாற்றியவன் நான். சரளையும் செங்கல் பொடியும் எந்த அளவு சேர்க்க வேண்டும் என்று எனக்கு எவரும் சொல்லித் தரவில்லை. வைத்துப் பார்த்து, சாகக் கொடுத்துக் கற்றுக்கொண்டது.

ஒரு மார்கழியில் சோடாக் கம்பெனி ஐஸ் எந்திரம் பழுதாகிவிட்டது. நாகப்பன் அறந்தாங்கிக்குப் போய், கடற்கரையிலிருந்து மீன் ஏற்றி வந்த லாரிக்காரரிடம் ஐஸ் வாங்கிச் சாக்கில் கட்டி பஸ் கூரையில் போட்டுக்கொண்டு வந்தார். நான் போனபோது கடை முழுக்க மீன் வாடை. பெட்டியை அடுக்கி முடித்திருந்தார். ஒரு துண்டை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

"கரிக்குதுய்யா. உப்புப் போட்ட ஐஸு இது. மீனுக்குக் குளிர்ச்சி நிக்கணும்னு உப்பத் தூவியிருக்கான்."

"மீன் கரிச்சிருக்கும்ணே. ஐஸுல என்ன நல்ல ஐஸு, கெட்ட ஐஸு? எல்லாம் தண்ணிதான்."

"எடுத்துக் கொட்டு."

"எடுத்துக் கொட்டிட்டு? மரத்த எங்கிட்டு வைக்க? ஒங்க பண்ணை வெயில்லயா?"

கொட்டவில்லை. அவர் யார் சொல்லியும் கேட்டவர் இல்லை. நல்லவர், கொடையாளி, சிரித்த முகம் என்றெல்லாம் கூட்டத்தில் சொன்னார்கள். உண்மைதான். பிடிவாதக்காரர் என்பதை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. அதைச் சொல்லாமல் அவரைச் சொல்ல முடியாது.

மாசியில் மேற்குப் பக்கம் துளிர்த்தது. கிழக்குப் பக்கம் துளிர்க்கவில்லை. அந்தப் பக்கம்தான் உப்புத் தண்ணீர் தட்டுக்குள் இறங்கியிருந்தது. கிழக்கே கீழாக நீண்டிருந்த பெரிய கிளை, மரத்துக்கே சமநிலை கொடுத்த கிளை, கறுத்துச் செத்தது. நாகப்பன் அன்றைக்கே ஆள் அனுப்பினார். போனேன். "அன்னிக்கே சொன்னேனே" என்றும் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

தட்டைக் கவிழ்த்து, மூங்கில் குச்சியால் மண்ணை நீவி நீவி உதிர்த்தேன். கிழக்குப் பக்க வேர்களைத் தொட்டால் அவித்த வேர்க்கடலைத் தோல் போலப் பட்டை கழன்றது. கெட்ட வேர் ஒவ்வொன்றையும் வெள்ளை தெரியும் இடம்வரை வெட்டினேன். தண்ணீர் மாற்றி மாற்றி உப்பு போகும்வரை அலசினேன். நேர் கீழே போகும் வேரையும் எடுத்துவிட்டு, உடைந்த சீமை ஓட்டுத் துண்டின்மேல் மரத்தை உட்கார வைத்து, மிச்சமிருந்த வேர்களை விசிறி போல் பரப்பி நாரால் கட்டினேன். ஓடு கீழே இருந்தால் வேர் இறங்காது, பக்கவாட்டில் ஓடும். நாகப்பன் அடிமரத்தைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பியிருந்தார்.

"ஏன்யா அங்கிட்டுத் திரும்பிக்கிட்டே?"

"நீங்க வெட்டுங்க. எனக்குப் பாக்க முடியல."

"பாத்தாத்தான்யா தெரியும்."

"எனக்குத் தெரிய வேணாம்ணே. ஒங்களுக்குத் தெரிஞ்சா போதும்."

அந்த வருஷம் மரம் ஒன்றும் செய்யவில்லை. உயிரோடு இருந்தது, அவ்வளவுதான். மறு வருஷம் மண்ணுக்கு மேல் புது வேர் தடித்தது. மரம் பிழைத்தது என்று நான் சொன்ன அன்று அவர் மனைவி செல்லம்மா எல்லோருக்கும் பால் பாயசம் கொடுத்தார்.

பிழைத்தாலும் கிழக்கே வெறுமை. அந்த இடத்தைப் பார்க்கும்போதெல்லாம் நாகப்பன் உதட்டைக் கடிப்பார். கிளையைக் கோர்த்து ஒட்டப் போவதாகச் சொன்னார். மேலே ஒரு கிளையில் ஒரு குச்சியை நீளமாக வளரவிட வேண்டும். அடிமரத்தில் துளை போட்டு, ஊசியில் நூல் கோர்ப்பதுபோல் அந்தக் குச்சியை உள்ளே விட்டு மறுபக்கம் இழுக்க வேண்டும். தாய்க் கிளையோடு தொடர்பு இருப்பதால் குச்சி சாகாது. அது பருத்துத் துளையை அடைத்து மரத்தோடு ஒன்றானபின், பின்பக்கத் தொடர்பை வெட்டிவிட்டால் முன்பக்கத்தில் நிற்பது புதுக் கிளை. துரையின் தோட்டத்தில் ஒருமுறை பார்த்தாராம்.

"நான் பொழைக்க வச்ச மரத்துல நீ ஓட்டை போடுவியா?" என்றேன்.

"வேரு ஒங்களுதுண்ணே. ஒடம்பு என்னுது."

"ஒடம்பு எதுல நிக்குது?"

நான் குன்றாண்டார்கோவிலில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த தை மாதத்து நாளில், அவர் தச்சரிடம் துரப்பணம் இரவல் வாங்கித் துளை போட்டுவிட்டார். ஊர் திரும்பிக் கடைக்குப் போனால் குச்சி மேற்கே நுழைந்து கிழக்கே எட்டிப் பார்த்தது. துளையின் வாயில் தேன்மெழுகு. வேலை சுத்தமாக இருந்தது. அதைச் சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அதன் பிறகு வெகுகாலம் அந்தக் கடைப் படி ஏறவில்லை. விதைகூட வேறு கடையில் வாங்கினேன். அவரும் வரவில்லை. அந்த நாட்களில்தான் திருச்சி மலர்க்காட்சியில் அந்த மரம் வைக்கப்பட்டு, நாகப்பன் பெயர் மட்டும் எழுதிய அட்டை அதன்முன் நின்றது. அந்த அட்டையைப் பற்றி நான் அவரிடம் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை. இனி சொல்லவும் மாட்டார்.

போன வருஷத் தை மாதம், ஒரு மத்தியானம், அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு என் பண்ணைக்குள் வந்தார். சக்கரத்தில் காற்று இல்லை. வழியெல்லாம் நடந்தே வந்திருக்கிறார். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, நேற்றுத்தான் பேசி நிறுத்தியது போல ஆரம்பித்தார்.

"வெட்டலாமான்னு வந்து பாத்துச் சொல்லுங்க."

"ஓட்டை போட என்னையவா கேட்டே?"

"அதுக்குக் கேக்கல. இதுக்குக் கேக்குறேன்."

போய்ப் பார்த்தேன். குச்சி உள்ளே நுழையும் இடத்தில் ஒரு நூலைச் சுற்றி அளந்தேன். வெளியே வரும் இடத்தில் இன்னொரு நூல். மரம் தன் சாற்றைக் குச்சிக்குக் கொடுக்கத் தொடங்கியிருந்தால் வெளியே வரும் பக்கம் பருத்திருக்க வேண்டும். இரண்டு நூலையும் சேர்த்துப் பிடித்தேன். ஒரே நீளம்.

"இன்னும் ஒரு வருஷம் போகணும்" என்றேன்.

அவருக்கு அந்தத் தையிலேயே வெட்டிவிட ஆசை. எல்லா ஏற்பாடும் செய்து, கத்தியைத் தீட்டி வைத்திருந்தார். சண்டைக்குத் தயாராகத்தான் நான் நின்றேன். அவர் இரண்டு நூலையும் என் கையிலிருந்து வாங்கித் தானும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். "ஒரு வருஷம்னா ஒரு வருஷம்" என்று கத்தியைத் துணியில் சுற்றி உள்ளே வைத்தார். ஐப்பசியில் போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியத்தன்று சொந்தக்காரர்கள் மரத்தைச் சுற்றி நின்றார்கள். அவர் கோர்த்த கிளையின் பின்பக்கத் தொடர்பை அன்றைக்கே வெட்டிவிட்டுப் படத்துக்குப் பக்கத்தில் மரத்தை வைக்க வேண்டும் என்று அவருடைய மைத்துனர் சொன்னார். கத்தியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். நூல் வைத்துப் பார்த்தேன். முன்பக்கம் கொஞ்சம் பருத்திருந்தது. கொஞ்சம்தான்.

"இன்னிக்கு வெட்ட மாட்டேன். தையிலதான்."

"என்னங்க நீங்க? செத்தவரு ஆசைக்கு வேணாமா?"

"அவரு ஆசை மரம் பொழைக்கணும்னுதான். நீங்க வேணும்னா வெட்டிக்கங்க, நான் போறேன்."

பெரியவர் என்றும் பாராமல் என்னைக் கல்நெஞ்சுக்காரர் என்றார்கள். செல்லம்மா உள்ளேயிருந்து வந்தார். கத்தியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "அவுகளே ஒரு வருஷம்னு ஒத்துக்கிட்டாக. அண்ணன் சொன்னபடி விடுங்க" என்றார். எல்லோரும் சாப்பிடப் போனார்கள்.

பிறகு தனியாக இருக்கும்போது செல்லம்மா கேட்டார். "அண்ணே, தப்பா நெனைக்காதீக. போன தையிலேயே வெட்டியிருந்தா, அவுக பாத்துட்டாச்சும் போயிருப்பாகளே?"

"போன தையில வெட்டியிருந்தா கெளை செத்திருக்கும்மா. அதத்தான் பாத்துட்டுப் போயிருப்பாரு."

கடுமையான பதில். மாற்றிச் சொல்ல எனக்கு வேறு பதில் இல்லை. இன்று கேட்டாலும் இதையே சொல்வேன். செல்லம்மா தலையை ஆட்டினார். சமாதானம் ஆனாரா என்று தெரியவில்லை.

இந்த மார்கழியில் பெட்டியில் ஐஸ் அடுக்கியவன் நான். தை பிறந்ததும் நூல் வைத்தேன். முன்பக்க நூல் நன்றாக நீண்டிருந்தது. குச்சியைப் பின்பக்கம் மரத்தோடு ஒட்ட வெட்டி மெழுகு பூசினேன். செல்லம்மா அடிமரத்தைப் பிடித்துக்கொண்டார். அவர் முகத்தைத் திருப்பவில்லை. மாசி நடுவில் கிழக்குப் பக்கத்தில் இலை வந்தது. சிவப்பாக, ஈரமாக, மடித்த விரல் போல. செல்லம்மா அழுதார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஈரம் போதுமா என்று மண்ணைத் தொட்டுப் பார்த்தேன்.

ஊரார் சேர்ந்து அவருக்கு மலர் வெளியிடுகிறார்கள், நீங்களும் எழுதுங்கள் என்று கேட்டதால் எழுதினேன். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது என்ன என்று முடிக்கச் சொன்னார்கள். தொழிலை எடுத்துக்கொள்ளவில்லை, என் தொழில் எனக்குத் தெரியும். யார் பேச்சையும் கேட்காத ஒரு மனிதர், காற்று இறங்கிய சைக்கிளை உருட்டிக்கொண்டு வெயிலில் என்னைத் தேடி வந்து, ஒரு கேள்வி கேட்டார். நான் சொன்னதைச் செய்தார். என் வாழ்நாளில் அப்படி என்னிடம் வந்து கேட்டவர் வேறு ஒருவரும் இல்லை. அதை வைத்திருக்கிறேன்.