கூரையில்லாத லயத்துக்கு ஒரு வேன்

போன வாரம் கூரியரில் ஒரு தேயிலைப் பொட்டலம் வந்தது. பச்சை ரிப்பன் கட்டி, கூடவே ஒரு வாழ்த்து அட்டை. அட்டையில் கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருவர் தேயிலைச் சரிவின் முன்னால் கைகட்டி நின்று சிரிக்கிறார். இந்தியா முழுக்க உள்ள வக்கீல்களுக்கான சங்கம் ஒன்றில் தலைவர் தேர்தல் வருகிறது. அதில் அவர் வேட்பாளர். எனக்கு ஓட்டு இருக்கிறது, அதனால் எனக்குத் தேயிலை. அவர் யார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் எனக்குக் கோபம் வந்து, சொல்ல வந்தது பாதியில் நின்றுபோகும்.

தூக்கி எறியத்தான் நினைத்தேன். கத்தரிக்கோல் கையிலேயே இருந்ததால் பிரித்துவிட்டேன். அந்த வாசனை இருக்கிறதே, நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது குன்னூரில் அது காற்றோடு இலவசமாக வரும். எந்தப் பக்கம் காற்று அடித்தாலும் ஏதாவது ஒரு ஃபேக்டரியில் கொழுந்து வாடிக்கொண்டிருக்கும். பிறகு தேயிலை விலை விழுந்தது. ஒவ்வொரு ஃபேக்டரியாக மூடினார்கள். ஊருக்குள் வாசனையே நின்றுபோயிற்று. செய்தித்தாள் பார்க்க வேண்டியதில்லை, மூக்கை வைத்தே சந்தை நிலவரம் சொல்லிவிடலாம். கோயம்புத்தூரிலிருந்து வந்து ஸ்வெட்டர்க் கடை வைத்திருந்த என் அப்பா, கடை வாசலில் நின்று மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, "இன்னைக்கும் யாவாரம் இல்லீங்க" என்று பக்கத்துக் கடைக்காரரிடம் சொல்வார். தோட்டத்துக்காரர்கள் கையில் காசு இல்லை என்றால் குளிரைப் பொறுத்துக்கொள்வார்கள், ஸ்வெட்டர் வாங்க மாட்டார்கள்.

அந்த வருஷங்களில்தான் நான் வக்கீல் ஆனேன். கடை போகிற போக்கைப் பார்த்து அப்பா என்னைக் கனகசபை சாரிடம் ஜூனியராகக் கொண்டுபோய்ச் சேர்த்தார். சார் எங்கள் மலையில் பெரிய வக்கீல். ஆறடி உயரம், கழுத்தில் எப்போதும் ஒரு சிவப்பு மஃப்ளர், கோர்ட்டுக்கு வெளியே ரோட்டில் போகிறவனும் நின்று கேட்கிற குரல். மேடை ஏறினால் "என் உடம்பில் ஓடுவது நீலகிரித் தேயிலை" என்பார். குடிப்பது காப்பி. வீட்டிலிருந்து ஃப்ளாஸ்க்கில் வரும். தேயிலை அவருக்கு வயிற்றைப் புரட்டும் என்பது ஆபீசில் இருந்த எங்களுக்கு மட்டும் தெரிந்த ரகசியம்.

எங்கள் ஆபீசுக்கு என்று ஒரு வாசனை உண்டு. மழைக்காலத்தில் நனைந்த கவுன்களை எல்லாம் அறை ஹீட்டருக்கு முன்னால் நாற்காலிகளில் விரித்துப் போட்டிருப்போம். ஈரக் கம்பளியும் நாப்தலின் உருண்டையும் காப்பியும் கலந்த ஒரு நெடி. அந்த நெடிக்குள்தான் ஒரு நாள் மாரியாயி அக்கா வந்து நின்றார். கீழ் கோத்தகிரிப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர். சின்ன வயதில் இலங்கையிலிருந்து கப்பலில் வந்தவர். அங்கேயும் தேயிலை, இங்கேயும் தேயிலை. முதலாளி ஃபேக்டரியை மூடிவிட்டு, தொழிலாளர்கள் குடியிருந்த லயத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். வரிசையாக ஒட்டிக் கட்டின ஒற்றை அறை வீடுகள், மேலே தகரக் கூரை. அதுதான் லயம்.

"வேல போனாப் போவுதுங்கய்யா. காம்பராவையும் விடச் சொன்னா எங்க போறது? திரும்பக் கப்பலேறவா?" என்றார். இலங்கைத் தோட்டத்து ஆட்கள் வீட்டைக் காம்பரா என்றுதான் சொல்வார்கள்.

நியாயமாகச் சொல்ல வேண்டும். சார் அந்த வழக்கை ஃபீஸ் வாங்காமல் எடுத்தார். பிரமாதமாக வாதாடினார். அடுத்த வாய்தா வரைக்கும் யாரையும் வெளியேற்றக் கூடாது என்று இடைக்கால உத்தரவு வாங்கினார். ஒவ்வொரு வாய்தாவிலும் போய் நின்று அதை நீட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். மாரியாயி அக்கா நன்றிக்கு ஒரு மூட்டை மேரக்காய், அதாவது சௌசௌ, கொண்டுவந்து இறக்கினார். சார் வீட்டில் வேண்டாம் என்றதால் மூட்டை எங்கள் வீட்டுக்கு வந்தது. கூட்டு, பொரியல், சட்னி என்று அப்பா கும்பிடு போடும் வரைக்கும் மேரக்காயே சாப்பிட்டோம்.

அதற்குப் பிறகுதான் சாருக்கு இதே வக்கீல் சங்கத்தின் அகில இந்தியத் தலைவராகும் ஆசை பிடித்தது. அந்த ஆசை பிடித்த மனுஷனைக் கிட்ட இருந்து பார்க்காதவர்கள் கொடுத்துவைத்தவர்கள். வாய்தா டைரியில் ரயில் டிக்கெட் இருக்கும். கட்சிக்காரர் எதிரே உட்கார்ந்திருக்க, பாட்னாவுக்கு ஃபோன் போகும். அவருடைய பிரச்சார நோட்டீசை இங்கிலீஷில் எழுதினது நான்தான். 'மலை மக்களின் காவலர்' என்று அர்த்தம் வருகிற ஒரு வரியை நானே கண்டுபிடித்துப் போட்டு, என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். கீழ் கோத்தகிரியில் அத்தனை குடும்பங்களின் வீட்டையும் காப்பாற்றியவர் என்பது நோட்டீசின் முதல் பத்தி.

தலைவருக்கு நிற்கிறவர் தன் சொந்த ஊரில் கட்டுப்பாடு இருக்கிறது என்று காட்ட வேண்டும். அதற்கு எங்கள் தொழிலில் ஒரே வழி, கோர்ட் புறக்கணிப்பு. சமவெளியில் எங்கோ ஒரு வக்கீலைப் போலீஸ்காரர் பிடித்துத் தள்ளினார் என்று ஒரு செய்தி வந்தது. சார் அதைப் பிடித்துக்கொண்டு மலை முழுக்கப் புறக்கணிப்பு அறிவித்தார். அதற்குக் குறித்த நாள் மாரியாயி அக்காவின் வாய்தா நாள்.

"சார், அன்னைக்கு ஸ்டே நீட்டிக்கணுமுங்க" என்றேன்.

"ஒரு நாள்தானம்மா. ஜட்ஜ் தள்ளி வெச்சுருவாரு. அவங்களையும் வர வேண்டாம்னு சொல்லிரு. பஸ் காசு எதுக்கு வீணா?"

மாரியாயி அக்காவுக்கு அவரே ஆள் விட்டுச் சொல்லியும் விட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. அன்று காலையில் கவுனை மாட்டிக்கொண்டு கோர்ட் கேட்டுக்குப் போனேன். சார் நடுவில் நிற்க, வக்கீல்கள் எல்லாரும் கறுப்புப் பட்டை குத்திக் கைகோத்து நின்றார்கள். ஃபோட்டோக்காரரும் வந்திருந்தார். நான் உள்ளே போகப் பார்த்ததும் சார் என் வழியை மறித்தார்.

"ஏங்கண்ணு, என்ற ஜூனியரே உள்ள போனா நாளைக்கு எவன் எனக்கு ஓட்டுப் போடுவான்?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இரண்டு பெரிய வக்கீல்கள் என் முன்னால் வந்து நின்றார்கள். அப்போதுதான் உள்ளே கோர்ட் சேவகர், டவாலி, வராந்தாவுக்கு வந்து கூப்பிட்டார். கோர்ட்டில் கட்சிக்காரர் பெயரை மூன்று முறை கூப்பிடுவது வழக்கம், தெரிந்திருக்கும். "மாரியாயீ" என்று அவர் இழுத்துக் கூப்பிட்டதும் நான் "இருக்காங்க, இருக்காங்க" என்று கேட்டுக்கு வெளியிலிருந்து கத்தினேன். சார் கையைத் தூக்கினார். "வக்கீல்கள் ஒற்றுமை ஓங்குக!" என்று அத்தனை பேரும் முழங்கினார்கள். மூன்று முறையும் அப்படித்தான். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர்கள் வக்கீலும் கேட்டில் நின்றதால், உள்ளே எஸ்டேட் மேனேஜர் தானே எழுந்து நின்று, எதிர்த்தரப்பில் யாரும் வரவில்லை என்று சொல்லியிருக்கிறார். வழக்குத் தள்ளுபடி. வழக்கு போனால் தடையும் போயிற்று.

சாயங்காலத்துக்குள் லயத்துக் கூரையைப் பிரித்துத் தகரங்களை லாரியில் ஏற்றிவிட்டார்கள். மழை பெய்துகொண்டிருந்தது. செய்தி வந்ததும் சாருக்கு ஃபோன் செய்து அழுதேன்.

"சார், தகரத்தப் பிரிச்சுட்டாங்க சார்."

"அழுகாத. நாளைக்கே மனுப் போடு. கேசைத் திரும்ப எடுத்துக்குவாங்க. எல்லாம் சரியாப் போயிரும்."

மனுப் போட்டேன். சில வாரங்களில் வழக்கை மறுபடி கோப்பில் எடுத்தார்கள். சாரிடம் சொன்னதும், "பாத்தியா, நாஞ் சொன்னனில்ல?" என்று ஃப்ளாஸ்க்கைத் திறந்து காப்பி ஊற்றிக்கொண்டார். அதோடு அவர் மனசில் எல்லாம் நேரானது. வழக்கு உயிரோடு இருக்கிறது, ஆகவே வீடும் இருக்கிறது. இந்த மாதிரி ஒரு தப்பை உலகத்தில் வக்கீல் மட்டும்தான் செய்ய முடியும். கூரை என்ன ஆயிற்று என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு முறை அங்கே போய்ப் பார்க்கவும் இல்லை. கேட்டில் கைகோத்து நின்ற படத்தை மட்டும் நோட்டீசில் போடச் சொன்னார். போட்டேன். அந்தப் படத்தை ஒட்டும்போதே இந்த மனுஷனைத் தோற்கடிக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். எப்படி என்றுதான் தெரியவில்லை.

வழியை அவரே போட்டுக் கொடுத்தார். தேர்தலுக்கான மாநாட்டைச் சீசனில் ஊட்டியில் நடத்த ஏற்பாடு செய்தார். பல மாநிலத்துப் பிரதிநிதிகள் குரங்குக் குல்லாவும் சால்வையுமாக வந்து இறங்கினார்கள். ஓட்டெடுப்புக்கு முந்தின நாள் காலைச் சாப்பாட்டின்போது, பாட்னாவிலிருந்து வந்த ஒரு பெரியவர் நோட்டீசைக் கையில் வைத்துக்கொண்டு, நீங்கள் காப்பாற்றிய அந்த வீடுகளைப் பார்க்க முடியுமா என்று கேட்டார். சாருக்கு முகமெல்லாம் பல்.

"ஏம்மா, ஒரு வேன் சொல்லு. மத்தியானம் கீழ் கோத்தகிரி போயிட்டு வந்துரலாம்."

"சரிங்க சார்" என்றேன்.

என் வாழ்நாளில் எத்தனையோ வழக்கில் மணிக்கணக்காக வாதாடியிருக்கிறேன். அந்தச் "சரிங்க சார்"க்கு இணையான வாதம் எதுவும் இல்லை.

தொட்டபெட்டா தாண்டி வளைவுகள் ஆரம்பித்ததும் பாதிப் பேர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு எலுமிச்சம்பழத்தை முகர்ந்தார்கள். சார் முன் சீட்டில் மைக்கைப் பிடித்துக்கொண்டு தேயிலையின் வரலாறு சொல்லிக்கொண்டு வந்தார். எஸ்டேட் பிரிவுக்கு வந்ததும் டிரைவர் எந்தப் பக்கம் என்று கேட்க, சார் வலப்பக்கம் கை காட்டினார். "இடதுங்க" என்றேன் நான். பாட்னாப் பெரியவர் தலையைத் தூக்கிச் சாரைப் பார்த்தார்.

இறங்கினோம். பனிமூட்டம் கொஞ்சம் விலகியிருந்தது. சுவர்கள் மட்டும் வரிசையாக நின்றன. உள்ளே ஆள் உயரத்துக்குப் புல். ஒரு வாசல் நிலையில் மேரக்காய்க் கொடி ஏறி, அறைக்குள் காய்த்துத் தொங்கியது. முக்கால்வாசிக் குடும்பங்கள் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டன. மாரியாயி அக்காவும் இன்னும் சிலரும் சற்றுத் தள்ளியிருந்த பிள்ளைக் காம்பராவில், அதாவது வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் அறையில், தார்ப்பாய் கட்டி இருந்தார்கள். கறுப்புக் கோட்டுகளைப் பார்த்ததும் அவர் வெளியே வந்தார்.

"வக்கீலய்யாவா? இப்பத்தான் எங்க லயத்துக்கு வழி தெரிஞ்சுதா?"

பெரியவர் சாரிடம், என்ன சொல்கிறார் என்று கேட்டார். நன்றி சொல்கிறார் என்றார் சார் இங்கிலீஷில். பெரியவர் சும்மா விடவில்லை, என் பக்கம் திரும்பி, நீ சொல்லம்மா என்றார். கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளரிடம் சத்தியம் வாங்குவார்கள், கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன் என்று. அப்படியே சொன்னேன்.

"கேசு உசுரோட இருக்குன்னு இந்தப் புள்ள சொல்லுச்சு" என்றார் மாரியாயி அக்கா. "கேசுக்குள்ள போயிப் படுக்க முடியுமாய்யா? கூப்புட்ட அன்னிக்கு வராதீங்கன்னு ஆள் விட்டீங்களே, எதுக்கு?"

அதையும் சொன்னேன். எதுக்கு என்பதற்கு யாரும் என்னைக் கேட்காமலே பதிலும் சொன்னேன், நோட்டீசில் இருந்த கேட்டுப் படத்தைக் காட்டி. சார் மஃப்ளரை அவிழ்த்தார், மறுபடி கட்டினார். திரும்பி வரும்போது மைக் சீட்டுக்கு அடியில் கிடந்தது.

வேனில் வந்தவர்கள் ராத்திரிக்குள் மாநாடு முழுக்கச் சொல்லிவிட்டார்கள். மறுநாள் தோற்றார். சாதாரணத் தோல்வி இல்லை. எங்கள் மலை வக்கீல்களே மாற்றிப் போட்டிருந்தார்கள். ஹாலுக்கு வெளியே தனியாக நின்றவர் என்னைக் கூப்பிட்டு, "நீயாம்மா இப்படிப் பண்ணுனே?" என்றார்.

"நான் வேன்தானுங்க சொன்னேன் சார்."

பாவமாக இருந்ததா என்று கேட்பீர்கள். இல்லை. அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. நன்றாக வேண்டும் என்றுதான் இருந்தது. கவுனை மடித்து எடுத்துக்கொண்டு அவர் ஆபீசை விட்டுக் கிளம்பினேன். நேரே பேக்கரிக்குப் போய் ஒரு பை நிறைய வர்க்கி வாங்கிக்கொண்டு கீழ் கோத்தகிரிக்குப் பஸ் ஏறினேன்.

"தோத்துட்டாருங்க அக்கா!"

மாரியாயி அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வர்க்கியைத் தேநீரில் முக்கித் தின்றபடி, சார் மஃப்ளரை அவிழ்த்துக் கட்டியதை என்னைத் திரும்பத் திரும்ப நடித்துக் காட்டச் சொன்னார். சிரித்து ஓய்ந்த பிறகு, தகரம் போன சுவர்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"வக்கீலுக்குக் காட்டிப்புட்ட. அடுத்த வாட்டி எங்க தொரயக் கூட்டிட்டு வா தாயி."

தொர என்றால் முதலாளி. தகரத்தைப் பிரிக்கச் சொன்ன ஆள். அவரை என்னால் கூட்டி வர முடியவில்லை. வழக்கு இழுத்துக்கொண்டே போக, ஒவ்வொருவராக இறங்கிப் போய்விட்டார்கள். மாரியாயி அக்கா திருப்பூரில் மகள் வீட்டில் இறந்தார். கனகசபை சாரும் இல்லை. அவருக்கு இரங்கல் கூட்டம் போட்டபோது பழைய ஜூனியர் என்று என்னைப் பேசக் கூப்பிட்டார்கள், எழுந்திருக்கவில்லை. அந்த முதலாளி மட்டும் கடைசி வரை நன்றாக வாழ்ந்துதான் போனார்.

இப்போது தேயிலை அனுப்பியிருக்கிறவர் அந்த முதலாளியின் மகன். அப்பா வழியில் எஸ்டேட், தன் வழியில் கறுப்புக் கோட்டு. அட்டையில் 'தேயிலைத் தொழிலாளர்களோடு ஒருவனாக வளர்ந்தவன்' என்று எழுதியிருக்கிறது. மாரியாயி அக்கா கேட்டது இதோ தானாக வந்து மாட்டியிருக்கிறது என்று நினைத்தேன். அப்பன் இல்லாவிட்டால் என்ன, லாபத்தைத் தின்றவன் இருக்கிறானே. மாநாடும் ஊட்டியில்தான் என்று போட்டிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு கீழ் கோத்தகிரி போனேன். எஸ்டேட் பிரிவில் பெரிய கேட். காக்கிச் சட்டைக்காரர் ஓடி வந்து, "புக்கிங் இருக்குங்களா மேடம்?" என்றார். சும்மா பார்க்க என்றதும் உள்ளே விட்டார். லயம் இருந்த இடம் முழுக்க வெட்டி விட்ட புல்வெளி, வெள்ளைக் குடை, சாய்வு நாற்காலி. பிள்ளைக் காம்பரா இருந்த பக்கம் நீச்சல் குளம். ஒரு செங்கல் இல்லை, ஒரு வாசல்படி இல்லை. மேரக்காய்க் கொடியையாவது தேடிப் பார்த்தேன், அதுவும் இல்லை.

வேன் சொல்ல இப்போதும் எனக்குத் தெரியும். பிரிவில் இடதுபக்கம் திரும்ப வேண்டும் என்பதும் மறக்கவில்லை. ஆட்களைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, எதைக் காட்டுவேன்?