வரப்போரத்துக் காராமணி

கல்யாணமாகி வந்த மறுவருஷம் எங்கள் கொல்லையில் முதல் தடவையாக மக்காச்சோளம் போட்டோம். திண்டிவனத்திலிருந்து பிரம்மதேசம் போகிற வழியில், கிணற்றடியிலிருந்து சரிந்து இறங்கும் நிலம். ஆடியில் இரண்டு மழை பெய்தது. அதோடு வானம் வாயை மூடிக்கொண்டது. அந்த இரண்டு மழைக்கே களைப்பூண்டு எழும்பிச் சோளத்தின் கழுத்தைப் பிடித்தது. பிடுங்கின கைக்குப் பின்னாலேயே முளைத்தது.

எங்களுக்குக் களையெடுக்க வருகிறவள் ஒருத்திதான். அவளுக்கு ஓர் உரிமை இருந்தது. வரப்பை ஒட்டிய கடைசி உழவுச் சாலில் அவள் காராமணி ஊன்றிக்கொள்வாள். விதையும் அவளுடையது, காயும் அவளுடையது. ஐப்பசியில் அடைமழை பிடித்தால் யாரும் கூலிக்குக் கூப்பிட மாட்டார்கள். அப்போது அவள் அடுப்பில் வேகிறது அதுதான். சொந்தமாக ஒரு கை மண் இல்லாதவளுக்கு அந்த ஒரு சால்தான் நிலம்.

விவசாய யோசனை சொல்லும் கிராம சேவக் சைக்கிளில் ஒரு களை மருந்து டப்பாவோடு வந்தார்.

"இது சோளத்தைத் தொடாதுங்க. அகலமா இலை இருக்கிற பூண்டை மட்டும் சுருட்டிடும்."

களைக்கொட்டை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் சிரித்தாள். "மருந்துக்குக் கண்ணு இருக்குதா சாமி? இது சோளம், இது பூண்டுன்னு அதுக்கு யாரு காட்டிக் குடுத்தது?"

"இலையைப் பாத்தே தெரிஞ்சுக்கும்மா."

சிரிப்பு நின்றுவிட்டது. "எங் காராமணி இலையும் அகலந்தானே?"

"உன் சாலுகிட்டயே போவமாட்டேன்" என்றார் என் கணவர். "நாலு சாலு விட்டே அடிக்கிறேன். போதுமா?"

"ஆண்டை சொன்னா சரி. காத்தடிச்சா நிறுத்திக்கோங்க."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். இலை அசையாத விடிகாலையில் அடித்தார், நாலு சால் தள்ளியே அடித்தார். முடிந்ததும் எப்போதும் செய்வதைச் செய்தார். மண்வெட்டி, களைக்கொட்டு, மாட்டின் கால், எங்கள் கால் எல்லாவற்றையும் நாங்கள் வாய்க்காலில்தான் கழுவுவோம். மருந்து டப்பாவையும் அங்கேயே அலசிக் கொட்டினார். பிறகு மாட்டைப் பூட்டிக் கவலையில் கிணற்றுத் தண்ணீர் இறைத்தார். வாய்க்கால் வரப்போரமாக ஓடி முதலில் திரும்புவது அவள் சாலுக்குத்தான். கழுவினதைத் தண்ணீர் கொண்டுபோய்விடும் என்று தெரியும் எங்களுக்கு. எங்கே கொண்டுபோகும் என்று ஒருவரும் நினைக்கவில்லை.

சில நாளில் பூண்டெல்லாம் முறுக்கிக்கொண்டு படுத்தது. சோளம் மட்டும் பச்சைப் பசேல் என்று நின்றது. என் கணவர் ஊரையே கூட்டிக்கொண்டு வந்து காட்டினார். அந்தச் சந்தோஷத்தின் நடுவில் வரப்பிலிருந்து அவள் குரல் வந்தது.

"சின்னம்மா, இங்க வாங்களேன்."

பிழிந்த துணிபோல் கொடிகள் திருகிக் கிடந்தன. இலைகள் விரல்களைப்போல மடங்கியிருந்தன. பூவிட வேண்டிய நுனி வெடித்து வெளுத்திருந்தது. அவள் சாலின் நடுவில் உட்கார்ந்து ஒரு கொடியை நிமிர்த்தப் பார்த்தாள். விட்டதும் அது மறுபடி வளைந்தது. இன்னொன்றை நிமிர்த்தினாள்.

"நான் கிட்டகூட வரலியே" என்றார் அவர். அப்புறம் காலடியில் வாய்க்காலைப் பார்த்தார். முகம் செத்துப்போயிற்று. "டப்பாவை இங்கதான் கழுவினேன்."

"தெரிஞ்சா பண்ணுவீங்க? வுடுங்க."

"விதை தரேன், இன்னொரு தபா ஊனு."

"இப்போ ஊனினா மழையில பூ கொட்டிப்பூடும் ஆண்டே."

"சோளம் ஒரு மூட்டை எடுத்துக்கினு போ."

"குடுங்க, துன்றேன்." மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தாள். "ஆனா அது நீங்க குடுக்கிறது, இது என்னுது."

அந்தச் சொல் இத்தனை வருஷமாக என் காதில் இருக்கிறது.

சோளம் அமோகமாக விளைந்தது. மூட்டையை அவர் சொன்னபடியே அனுப்பினார். அது தீர்ந்துபோன ஒரு நாள், கார்த்திகை மழையில், முறத்தைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுப் பின்வாசலில் வந்து நின்றாள். கூலியைத் தவிர எதையும் எங்களிடம் கேட்டிராதவள்.

"கொஞ்சம் சோளம் இருக்குதுங்களா, சின்னம்மா?"

உள்ளே வா என்றேன். வரவில்லை. முந்தானையை விரித்தாள். நான் கொட்டிக்கொண்டே இருந்தேன். பாதியிலேயே, போதும் என்று துணியைச் சுருக்கிக்கொண்டாள்.