நிஞ்சாவுக்குச் சூசையம்மாள் சொன்ன புத்தி

பழவேற்காடு ஏரியில் கையால் தடவி இறால் பிடிப்பதில் சூசையம்மாளை மிஞ்ச ஆளில்லை. கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகர்வாள். பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொள்வாள். அப்போதாவது அந்த வாய் சும்மா இருக்குமா? கவ்விக்கொண்டே ஊர்வம்பு பேசும்.

எண்பத்தெட்டில் சிங்கப்பூரிலிருந்து வந்த இனாயத்துல்லா பாய், ஒரு ஞாயிறு மதியம் தன் வீட்டு முற்றத்தில் டிவியும் வீடியோ டெக்கும் வைத்து, ஜப்பான் கார்ட்டூன் படம் ஒன்றைப் போட்டார். கார்ட்டூனாம்! தலைகள் பறந்தன, ரத்தம் பீய்ச்சியடித்தது, ஒரு பேய்க்கு வயிற்றில் வாய் முளைத்தது. புயலிலும் கடலுக்குப் போவதாகப் பீற்றிக்கொள்ளும் ஆண்களெல்லாம் துண்டால் கண்ணைப் பொத்திக்கொண்டார்கள்.

அப்போது தலையைக் கறுப்புத் துணியால் மூடிய நிஞ்சா ஒருவன், கத்தியைப் பல்லில் கவ்வியபடி ஏரியில் கழுத்தளவு இறங்கினான். பெண்கள் நடுவே உட்கார்ந்திருந்த சூசையம்மாள் எழுந்தே விட்டாள்.

"அடியே, நம்மாளுடி! எறா தடவ வந்துட்டான்!"

அவன் எட்டி நடை போட்டதும் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"காலத் தூக்காதடா பாவி, தேச்சிக்கினே போ! கெளுத்தி முள்ளு ஏறிடும்!"

அந்த நொடியே தண்ணீருக்கடியிலிருந்து ஒரு பேய் அவன் காலைப் பிடித்து இழுத்தது.

"சொன்னேனா இல்லியா?"

பயமெல்லாம் பறந்து முற்றமே சிரித்தது. துண்டுகள் தோளுக்குத் திரும்பின. கடைசியில் நிஞ்சா பேய்களையெல்லாம் வெட்டிச் சாய்த்துவிட்டுக் கரையேறினான். எல்லோரும் கைதட்ட, சூசையம்மாள் மட்டும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அவ்ளோ நேரம் தண்ணியில ஊறி இன்னா புண்ணியம், பாய்? கொழம்புக்கு ஒரு எறா புடிச்சானா?"