பெண் பார்க்க வந்தவருடன் ஒரு டிரா

அறுபதுகளின் கடைசியில், என்னைப் பெண் பார்க்க பெங்களூரிலிருந்து ஒருவர் கிருஷ்ணகிரிக்கு வந்தார். தொழிற்சாலை செஸ் போட்டியில் வருடா வருடம் முதல் பரிசு வாங்குகிறவராம். அவருடைய மாமா அதைச் சொல்லி முடிப்பதற்குள் அப்பாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "எம் பொண்ணும் ஆடுவா" என்று பலகையைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டார். நான் ஆசிரியர் பயிற்சி விடுதியில் தோழிகளோடு ஆடிப் பழகியவள், அவ்வளவுதான். பட்டுப் புடவை உடம்பெல்லாம் பிடுங்க, எல்லாரும் பார்க்க உட்கார்ந்தேன். சாயங்காலத்துக்குள் சரி, வேண்டாம் என்று ஏதாவது சொல்லியாக வேண்டும். அந்த மனிதரோடு அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

அவர் மளமளவென்று ஆடினார். என் யானைகள் இரண்டும் போயின. ஜெயித்துவிட்ட தெம்பில் தன் ராஜாவுக்கு முன்னிருந்த சிப்பாயை நகர்த்தினார். என் ராணி உள்ளே புகுந்தது. செக். ராஜா ஒரு கட்டம் தள்ளிப் போனது. அங்கேயும் செக். பழைய கட்டத்துக்கே திரும்பி வந்தது. மறுபடி செக். நான் நிறுத்தினால் தோற்பேன். நிறுத்தாதவரை அவரால் ஜெயிக்க முடியாது.

மேசைக்கு அடியில் அவர் கால் ஆட ஆரம்பித்தது. சமையலறை வாசலிலிருந்து அம்மா கண்ணாலேயே மிரட்டினாள். "போதும் கண்ணு, சோறு ஆறுது. அவங்களுக்கு பஸ்ஸு போயிரும்."

விட்டுக்கொடு என்று அர்த்தம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செக் என்றேன்.

கடைசியில் அவர் கையை எடுத்துவிட்டு, "டிராங்க. யாருக்கும் ஜெயிப்பில்ல" என்றார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

மாமா பெரிதாகச் சிரித்தார். "பாத்தீங்களா எங்க பையனை? பெரிய மனசு பண்ணி விட்டுக் குடுத்துட்டான்!"

நான் அவரைப் பார்த்தேன். இல்லை என்று சொல்லுங்கள், சொல்லுங்கள் என்று மனசு அடித்துக்கொண்டது. அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"ஆமா மாமா. பாவம், அவங்க முகம் வாடிடக் கூடாதில்ல."

சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். பிடித்திருக்கிறதா என்று அப்பா கேட்டார். வேண்டாம் என்றேன்.

"ஒரு ஆட்டத்துக்காகவாடி?" அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

அவளுக்கு எப்படி விளங்க வைப்பது? அந்த டிராவை நான் போராடித்தான் வாங்கினேன் என்று அந்த வீட்டில் தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.