சும்மா வந்த சைக்கிள்

என் அப்பாவை யாரையும் நம்பாதவர் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். எதையும் சரிபார்த்துக்கொள்பவர் என்று சொன்னால் ஒப்புக்கொள்வார். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் அவருக்கு வேலையே அதுதான். வரிசையாக நகர்ந்து வரும் சாமான்களில் எது பழுது என்று பார்த்து எடுத்து ஒதுக்க வேண்டும். ஒரு பழுதும் அகப்படாத நாளில் முகம் வாடி வீட்டுக்கு வருவார். தன் கண்ணுக்குத் தப்பி ஏதோ போய்விட்டது என்று அன்றைக்குச் சாப்பாடுகூடச் சரியாக இறங்காது.

வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண்ணை அவர் கழற்றி வைப்பதில்லை. பிஸ்கட் டின் வாங்கினால் அடியைத் திருப்பிப் பார்ப்பார். கல்யாணப் பத்திரிகை வந்தால், இத்தனை நாள் நினைக்காதவர்கள் இப்போது ஏன் நினைக்கிறார்கள் என்று கேட்பார். தீபாவளிக்கு யாராவது தட்டு நிறையப் பலகாரம் கொடுத்துவிட்டால், அடுத்த வாரம் அவர்கள் என்ன உதவி கேட்டு வருவார்கள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் ஒரே மகள். அப்பாவின் மூக்கையும் அந்தக் குணத்தையும் அப்படியே வாங்கிக்கொண்டு பிறந்தவள் என்று அம்மா சொல்வார். மூக்கைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

இப்படிப்பட்ட வீட்டுக்கு ஒருவர் சைக்கிளைச் சும்மா கொடுக்க வந்தார்.

அவர் டீச்சர். கெலுகோரில் எங்கள் வரிசை வீடுகளின் கடைசி வீட்டில் தனியாக இருந்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம். கணவர் காலமாகிவிட்டார், ஒரே மகள் கோலாலம்பூரில் வேலை. ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவரை எல்லோரும் டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். எங்கள் சாலையில் அந்த வயதுப் பெண்கள் காலையில் மெதுவாக நடப்பார்கள். அவர் மட்டும் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு மவுண்டன் பைக்கில் தண்ணீர்மலை வரை போய்த் திரும்புவார். அப்புறம் ஒரு காலத்தில் போவதை நிறுத்திவிட்டார். சைக்கிள் அவர் வீட்டு முன்னால் நின்றபடியே துருப்பிடித்தது.

ஒரு நாள் சாயங்காலம் அதை உருட்டிக்கொண்டு வந்து எங்கள் கேட்டில் சாய்த்தார். "எனக்கு இனி வேண்டாம். பிள்ளை இதில ஓடட்டும்," என்றார். அப்பா விலை கேட்டார். காசு எதற்கு என்று சொல்லிவிட்டு டீச்சர் திரும்பி நடந்துவிட்டார்.

காசு கேட்டிருந்தால் அப்பா பேரம் பேசி, திட்டிக்கொண்டே வாங்கியிருப்பார். காசு வேண்டாம் என்றதுதான் அவருக்கு உறுத்தியது. எனக்கோ அப்போது பதினொரு வயது. எங்கள் வரிசையில் சைக்கிள் இல்லாத ஒரே பிள்ளை நான்தான். மற்றவர்கள் திடலைச் சுற்றி ஓட்டும்போது நான் அவர்களுடைய செருப்புக்குக் காவல் இருப்பேன். ஆசையாக ஹேண்டிலில் கை வைத்தேன். அப்பா என் கையை எடுத்துவிட்டார்.

"சும்மா குடுக்கறாங்கன்னா உள்ள ஏதோ இருக்குலா. அது என்னான்னு கண்டுபிடிக்கிற வரைக்கும் யாரும் ஏறக் கூடாது."

அன்று தொடங்கியது விசாரணை. அப்பா வேலை முடிந்து வந்ததும் கார் நிறுத்தும் இடத்தில் பழைய பேப்பரை விரித்துச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துவார். அது என்னைவிட மூத்தது, தொண்ணூறுகளில் வந்தது. கரும்பச்சை நிறத்தில் கனமான இரும்புச் சட்டம், முரட்டு டயர், ஹேண்டிலின் மேலேயே கட்டைவிரலால் தள்ளும் கியர். முதலில் சீட்டுக்கு அடியில் இருந்த சின்னப் பையைத் திறந்தார். ஒரு ஓரம் கத்தரித்து எடுத்த மஞ்சள் துணி மட்டும் இருந்தது. அதை அம்மாவிடம் தூக்கிப் போட்டார். அம்மா துவைத்து, சட்டி இறக்கப் பிடிதுணியாக அடுப்பருகே மாட்டிக்கொண்டார். அப்பாவின் கண் இரும்பின் மேல் இருந்தது.

சட்டத்தில் விரிசல் இருக்கும் என்பது முதல் சந்தேகம். அம்மா கடையில் பானையைத் தட்டிப் பார்ப்பது போல, கரண்டியால் ஒவ்வொரு குழாயாகத் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். எல்லாம் ஒரே சீராகக் கணீரென்றன. பெயிண்டுக்குக் கீழே ஒட்டுப்போட்டிருப்பார்கள் என்று சந்தேகப்பட்டுத் துருவை எல்லாம் தேய்த்து எடுத்தார். ஒட்டு இல்லை, தேய்த்த இடத்தை அப்படியே விட மனம் வராமல் அதே பச்சையைத் தேடி வாங்கி அடித்தார். சக்கரத்தில் கோட்டம் இருக்குமோ என்று பார்க்க, விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி, விளிம்பை ஒட்டினாற்போல் கட்டிச் சக்கரத்தைச் சுற்றவிட்டார். எங்கே குச்சி உரசியதோ அங்கே கம்பியை முறுக்கி நேராக்கினார். செயினைப் பிஸ்கட் டின்னில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்தார். பெடல் அச்சைப் பிரித்து, உள்ளே இருந்த குண்டுகளை எவர்சில்வர் தட்டில் ஒவ்வொன்றாக உருட்டி, நேராக ஓடுகிறதா என்று குனிந்து பார்த்தார். அது அம்மா சாப்பிடும் தட்டு. அதைப் பற்றிய விசாரணை தனியாக நடந்தது.

குறை தேடிப் பிரித்ததையெல்லாம் துடைத்து, கிரீஸ் வைத்துத்தானே திரும்ப மாட்ட வேண்டும்? அதனால் அப்பாவின் சந்தேகம் வளர வளரச் சைக்கிள் புதிதாகிக்கொண்டே வந்தது. பிரேக் ரப்பரும் கேபிளும் வாங்கப் போன இடத்தில், கடைக்காரச் சீனக் கிழவர் கூடவே வந்து சைக்கிளைப் பார்த்து, இந்த மாதிரி இப்போது கிடைக்காது, விற்கிறீர்களா என்று கேட்டிருக்கிறார். அப்பா அன்று முழுவதும் அவரைச் சந்தேகப்பட்டார்.

இரும்பு வாய் திறக்கவில்லை என்றதும் அப்பா டீச்சரிடம் போனார். எங்கே வாங்கியது என்று சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டார். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைப் பக்கம் ஒரு கடையில் என்று டீச்சர் சொன்னார். சில நாள் கழித்து அதையே வேறு மாதிரி கேட்டார். தன் கணவர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது என்றார் டீச்சர். அப்பாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. இரண்டு வாக்குமூலமும் இடிக்கிறதே. மூன்றாம் முறை போய், நீங்கள் கொடுத்த சைக்கிள் என்று ஆரம்பித்ததும், எந்தச் சைக்கிள் என்று டீச்சர் கேட்டிருக்கிறார்.

"பாத்தியா? இப்ப சைக்கிளே தெரியாதாம்," என்று அப்பா அம்மாவிடம் வெற்றியோடு சொன்னார். "பெரிய ஆளுலா அவங்க."

"அப்ப திருப்பிக் குடுத்துடுங்க," என்றார் அம்மா.

நல்லவேளையாக, கண்டுபிடிக்காத குறையோடு ஒரு சாமானைத் திருப்பி அனுப்புவது அப்பாவின் தொழிலுக்கு இழுக்கு. சைக்கிள் தங்கியது. எனக்கும் டீச்சரைப் பார்த்தால் ஒரு பயம் வந்தது. முகத்தை அப்படி ஒன்றும் அறியாதவர் போல வைத்துக்கொள்ள நானும் கண்ணாடி முன்னால் முயன்றேன். வரவில்லை.

இந்தச் சமயத்தில்தான் விளக்குக் கம்பங்களில் மஞ்சள் துணியை யாரோ பார்த்தார்கள். எங்கள் வரிசைக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குழு இருந்தது. பசார் முனையில் ஒரு கம்பத்தில் மஞ்சள் துண்டு கட்டியிருக்கிறது, அடுத்த திருப்பத்திலும் இருக்கிறது என்று ஒருவர் படம் எடுத்துப் போட்டார். திருடர்கள் அடையாளம் வைக்கிறார்கள், வேறு ஊரில் இப்படித்தான் நடந்தது என்று இன்னொருவர் எழுதினார். அப்புறம் யாருக்கும் நிம்மதி இல்லை. தைப்பூச வேண்டுதலாக இருக்கும், மஞ்சள் துணியில் கை வைக்காதீர்கள் என்றார் அம்மா.

"வேண்டுதலுக்குக் கோயில் இருக்கு. லைட்டுக் கம்பத்துல எந்தச் சாமி இருக்கு?" என்று கேட்டுவிட்டு, அதையெல்லாம் தானே அவிழ்ப்பதாக அப்பா குழுவில் அறிவித்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு விடுதலை கிடைத்தது. ஓடும்போது மட்டும் தெரியும் குறையாக இருக்கலாம் என்று அப்பாவுக்குத் தோன்றியிருந்தது. அம்மா முன் சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார். கார் ஏறினால் நசுங்கும் பழம், நான் ஏறியதற்கு நசுங்காமல் உருண்டு சாக்கடையில் விழுந்தது. இதற்கு என்ன பொருள் என்று யோசிக்க அப்பா வாயைத் திறப்பதற்குள் நான் மிதித்துவிட்டேன்.

பசார் முனையிலிருந்து ஆரம்பித்தோம். அப்பா கையில் கத்தியோடு முன்னால் நடந்தார். நான் சைக்கிளில் பின்னால். எந்தச் சத்தமும் இல்லாமல் செயின் ஓடியது. கியரைத் தள்ளினால் வெண்ணெயாக விழுந்தது. நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாள் அதற்கு முன் இல்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு மஞ்சள் முடிச்சு. அப்பா அறுத்துப் பையில் போட்டார். போகப் போக அவர் முகம் இறுகியது. முடிச்சுகள் எல்லாம் எங்கள் சாலைக்குள்ளேயே வந்தன. கடைசி முடிச்சு டீச்சர் வீட்டுக் கேட்டில் இருந்தது.

அப்பா நல்ல மனதோடுதான் மணியை அடித்தார். திருட்டுக் கும்பல் உங்கள் வீட்டைக் குறி வைத்திருக்கிறது டீச்சர், கேட்டை நன்றாகப் பூட்டுங்கள் என்று எச்சரித்தார். டீச்சர் அப்பாவின் பையில் கிடந்த துண்டுகளையே பார்த்துக்கொண்டு நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு சரி என்று மட்டும் சொல்லி உள்ளே போய்விட்டார்.

அடுத்த சனிக்கிழமை காலை அம்மா என்னைத் தேங்காய்ப்பூ வாங்கப் பசாருக்குச் சைக்கிளில் அனுப்பினார். வாங்கிக்கொண்டு திரும்பினால், முனைக் கம்பத்தடியில் டீச்சர் நின்றுகொண்டிருந்தார். வெயில் ஏறியிருந்தது. காய்கறிப் பை தரையில் இருந்தது. முடிச்சு இருந்த இடத்தில் கையை வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். சைக்கிளைக் கண்டதும் அவர் முகம் மாறியது.

"பிள்ளை, இது என்ர சைக்கிள் எல்லோ?"

அப்பா இத்தனை நாள் தேடியது இதுதான். துடைத்து, பெயிண்ட் அடித்து, புது கேபிள் போட்டு முடிக்கும்வரை காத்திருந்து, இப்போது டீச்சர் திருப்பிக் கேட்கிறார்.

"வீட்டுக்குத்தானே போறாய்? மெதுவாப் போ. நானும் வாறன்," என்றார். வந்து சீட்டின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

மிதித்து ஓடிவிடலாம். ஆனால் மெதுவாகப் போ என்று ஒரு டீச்சர் சொன்ன பிறகு வேகமாகப் போக எந்தப் பிள்ளைக்கும் கால் வராது. இறங்கி உருட்டினேன். அவர் பிடியை விடவில்லை. எப்படியாவது அவரைக் களைப்படையச் செய்து கழற்றிவிட வேண்டும் என்று, இடப்பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் வலப்பக்கம் திரும்பினேன். மேட்டுப் பாதையில் ஏறி, திடலைச் சுற்றி, யார் வீட்டுப் பின்புறமெல்லாமோ போனேன். வீடு இந்தப் பக்கம் இல்லையே என்று அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே கூட வந்தார். சைக்கிளைப் பிடித்தால் போதும், எங்கே போனாலும் சரி என்று இருக்கிறார் பார் என நினைத்து எனக்கு அழுகை வந்தது.

கடைசியில் வேறு வழியில்லாமல் எங்கள் சாலைக்கே வந்தேன். தன் வீட்டுக் கேட்டைப் பார்த்ததும் டீச்சர் சீட்டை விட்டுவிட்டார். கேட்டின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். "நல்ல சைக்கிள். கவனமா வச்சிரு," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். சைக்கிளைக் கேட்கவே இல்லை.

அப்பாவிடம் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். நான் சொன்னேனில்லையா என்று அவர் துள்ளுவார் என எதிர்பார்த்தேன். அவர் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார்.

"நீ சுத்திச் சுத்தி வந்தியே, அவங்க ஒன்னுமே கேக்கலியா?"

"ஒன்னும் கேக்கலப்பா."

"கம்பத்துல கைய வச்சிருந்தாங்களா?"

ஆமாம் என்றேன். அப்பா அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் குடித்தார். குடித்த பிறகும் அங்கேயே நின்று, சுவரில் மாட்டியிருந்த மஞ்சள் பிடிதுணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் திடலுக்குச் சைக்கிளில் போனவள் பாதியில் திரும்பி ஓடிவந்தேன். திருப்பத்துக்குத் திருப்பம் கம்பங்களில் மஞ்சள் துணி மறுபடி தொங்கியது. முன்பைவிட அகலமாக, கண்ணில் நன்றாகப் படும் உயரத்தில்.

"அப்பா, கும்பல் திரும்பி வந்துடுச்சு."

"இருக்கட்டும்," என்றார் அப்பா.

இப்படி ஒரு வார்த்தையை அவர் வாயில் நான் கேட்டதே இல்லை. அவர் கைப்பேசியை எடுத்து, அது சாலை வேலைக்குக் கட்டிய அடையாளம், விசாரித்துவிட்டேன், யாரும் தொட வேண்டாம் என்று குழுவில் எழுதினார். அப்பாவே விசாரித்துவிட்டார் என்றதும் எல்லோரும் நம்பிவிட்டார்கள். மத்தியானம் அம்மா சட்டி இறக்கத் துணியைத் தேடினார். எலி தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்றார் அப்பா. எங்கள் வீட்டில் எலி கிடையாது. இருந்தால் அப்பா அதை என்றைக்கோ பிடித்திருப்பார்.

அதன் பிறகு டீச்சர் பசாருக்குப் போய் வரும் நேரத்தில் அப்பா வீட்டில் இருந்தால், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் செயினுக்கு எண்ணெய் விட ஆரம்பித்துவிடுவார். எண்ணெய் தேவையே இல்லாத செயின். டீச்சர் பையோடு எங்கள் வாசலைக் கடந்து, தன் கேட்டைத் திறந்து உள்ளே போகும்வரை சக்கரம் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். அடுத்த வருஷம் மகள் வந்து டீச்சரைக் கோலாலம்பூருக்கு அழைத்துப் போனார். மறதி நோயாம், பெற்ற மகளையே சில நேரம் தெரியவில்லையாம் என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லி வருத்தப்பட்டது என் காதில் விழுந்தது. நான் அதை எதனோடும் சேர்த்துப் பார்க்கவில்லை. எனக்கு அதைவிடப் பெரிய கவலை இருந்தது. கிடைத்த சாட்சியங்களை எல்லாம் வைத்து, அப்பாவும் அந்தக் கும்பலில் சேர்ந்துவிட்டார் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். வெளியே சொன்னால் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விடும் என்று பயந்து, யாரிடமும் வாய் திறக்காமல் இருந்தேன்.

அந்தக் கும்பலில் மொத்தமே இரண்டு பேர்தான் என்பது எனக்கு விளங்க இன்னும் பல வருஷம் ஆனது.