சனிப் பெயர்ச்சிக்கு நான் குறித்துக்கொடுத்த நேரம்

என் தவறை மறைக்கப் பக்கத்து வீட்டுக்காரர் மேல் பழியைப் போட்டேன். அதனால் அவர் பிள்ளையார் கோயில் கமிட்டியின் செயலாளர் பதவியை இழந்தார். தெரியாமல் செய்ததல்ல. நெற்றியில் விபூதியோடும் கையில் ஒரு தொன்னை எள்சாதத்தோடும், தெரிந்தே செய்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். சிட்லபாக்கத்தில் குடியிருந்தேன். தாம்பரத்தைத் தாண்டி ஒரு கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்தேன். மிச்ச நேரமெல்லாம் சனிக் கிரகத்துக்கு. பத்து வருடங்களுக்கு முன் சனியைக் கடந்து போன விண்கலங்களின் ரேடியோப் பதிவுகள் ஒரு காந்த நாடாவில் எங்கள் துறைக்கு வந்திருந்தன. கலத்திலிருந்து சிக்னல் எப்போது வந்தது, அதன் அதிர்வெண் எவ்வளவு மாறியிருந்தது என்று பார்த்தால் கலம் போன வழி தெரியும். அந்த வழியைச் சனி எவ்வளவு வளைத்தது என்று பார்த்தால் சனி அப்போது எங்கே இருந்தது என்பது தெரியும். ஏற்கெனவே போட்டு வைத்த பாதைக் கணக்கிலிருந்து அது இம்மியளவு விலகியிருக்கும். அந்த இம்மியை வைத்துக் கணக்கைத் திருத்துவதுதான் என் ஆராய்ச்சி.

"தண்ணி லாரி எப்ப வரும்னு தெரியாது. சனி எங்க இருக்குன்னு மட்டும் தெரியும்" என்பாள் என் மனைவி, காலிக் குடத்தோடு.

பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். முப்பது வருடம் மின்சார ரயிலை நிமிடம் பிசகாமல் அனுப்பியவர். நேரம் சம்பந்தப்பட்ட எதிலும் ஊர் அவரைத்தான் கேட்கும். அந்த வருடச் சனிப் பெயர்ச்சிக்கு நோட்டீஸ் அடிக்கும் முன் என்னிடம் வந்தார்.

"புரொபசர், உங்க கம்ப்யூட்டர்ல ஒரு வாட்டி பார்த்துச் சொல்லுங்களேன். நம்ம கோயில்னா துல்லியமா இருக்கணும்."

ராசியின் எல்லையைப் பஞ்சாங்கத்தில் உள்ளபடியே எடுத்துக்கொண்டு, என் புதிய பாதைக் கணக்கில் சனியை ஓடவிட்டேன். மாலை ஐந்து பத்து என்று வந்தது. ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தேன்.

"பஞ்சாங்கத்துல ஆறு இருபத்தஞ்சுன்னு போட்டிருக்கே சார்?"

"பஞ்சாங்கக்காரர் விண்கலம் விட்டாரா?" என்றேன்.

இங்கேதான் என் படிப்பு என்னைக் காப்பாற்றியிருக்க வேண்டும். நான் செய்த திருத்தம் சனியை அதிகம் போனால் ஒன்றிரண்டு நிமிடம் நகர்த்தும். ஒன்றே கால் மணி நேரம் நகர்ந்திருந்தால் ஏதோ கோளாறு என்று முதலாண்டு மாணவனே சந்தேகப்படுவான். நான் மார்தட்டிக்கொண்டேன்.

பெயர்ச்சி அன்று ஐந்து பத்துக்கு மேளம், அபிஷேகம், ஒலிபெருக்கி. ஐந்தே முக்காலுக்கு எல்லார் கையிலும் எள்சாதம். ஆறு மணிக்குக் கூட்டம் கலையத் தொடங்கியது. ஆறு இருபத்தைந்துக்கு ஏரிக்கரைக் கோயிலில் மணியடித்தார்கள்.

வாசலில் பூ விற்ற அம்மாள்தான் முதலில் கேட்டாள். "இன்னா சார், அந்தக் கோயில்ல இப்பதான் வர்றாராம். நம்ம கோயில்ல அதுக்குள்ள வந்து, துன்னுட்டு, பூட்டாரா?"

எனக்கு அந்த மணிச் சத்தத்திலேயே விளங்கிவிட்டது. ஒன்றே கால் மணி நேரம் என்பது நான் தினமும் பார்க்கும் எண். சனியிலிருந்து ஒளியும் சிக்னலும் பூமிக்கு வந்துசேர ஏறக்குறைய அவ்வளவு ஆகும். நான் கணக்கிட்டது சனி உண்மையில் எல்லையைத் தாண்டிய நேரம். பஞ்சாங்கம் சொல்வது அது நம் கண்ணுக்குத் தெரியும் நேரம். கல்லூரியில் ஒவ்வொரு பதிவிலும் மறக்காமல் கழிக்கும் அந்தப் பயண நேரத்தைக் கோயில் காரியத்தில் கோட்டை விட்டிருந்தேன்.

கமிட்டித் தலைவர், சிமெண்ட் கடை முதலாளி, என்னிடம் வந்தார். "சார், நீங்கதான நேரம் சொன்னீங்க?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். பக்கத்தில் என் மாணவர்கள் இருவர் நின்றிருந்தார்கள்.

"நான் ஆறு இருபத்தஞ்சுன்னுதான் எழுதிக் கொடுத்தேன். இவர் நோட்டீஸ் ப்ரூஃப் சரியா பார்க்கலையோ என்னமோ."

ஸ்டேஷன் மாஸ்டர் என்னைப் பார்த்தார். "ரயிலைக் கரெக்டா விட்டவரு, சனியைச் சீக்கிரம் விட்டுட்டாரே" என்று யாரோ சொல்ல, ஊரே சிரித்தது. அடுத்த கூட்டத்தில் வேறு செயலாளர் வந்தார். அதன்பின் அவரிடம் யாரும் மணி கேட்கவில்லை. மாலையில் எங்கள் தெருவாசிகள் கடிகாரத்தைச் சரிவைக்க அவர் வாசலில் நின்ற வழக்கமும் போயிற்று.

இரண்டரை வருடம் அவருக்கு வணக்கம் சொல்லிக்கொண்டே காலம் தள்ளினேன். அடுத்த பெயர்ச்சியும் வந்தது. எள் விளக்கோடு வரிசையில் நின்ற அவரைப் புதுச் செயலாளர், "பெரியவரே, கயித்துக்கு அந்தப் பக்கம்" என்று தள்ளி நிறுத்தினார். அந்தக் கயிற்றைக் கட்டும் முறையை வகுத்ததே அவர்தான். நான் நேராகப் போய் மைக்கை வாங்கினேன்.

போன தடவை தப்பு என்னுடையது, பழி போட்டதும் நான்தான் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாத்தியார் புத்தி, ஒளியின் வேகத்தையும் விளக்கினேன்.

தலைவர் கையைத் தூக்கினார். "அப்ப நாம பார்க்கிறது பழைய சனியா?"

"ஒண்ணே கால் மணி நேரம் பழசு."

"புதுசு எங்க?"

"கொஞ்சம் தள்ளி."

"பேஜாரா கீதே! அப்ப எந்தச் சனிக்கு மாலை போடறது?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

"ரெண்டுத்துக்கும் போடு நைனா, பூ கீது" என்றாள் பூக்கார அம்மாள்.

நான் கீழே இறங்கியபோது ஸ்டேஷன் மாஸ்டர் விளக்கை ஒரு ஓரமாக வைத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்த சீசன் டிக்கெட் உறையைத் திறந்தார். உள்ளே என் துண்டுத் தாள். என் கையெழுத்தில் ஐந்து பத்து. அடியில் இரண்டு கோடு வேறு போட்டிருந்தேன்.

"இதை அன்னைக்கே காட்டியிருக்கலாமே சார்" என்றேன்.

"காட்டியிருந்தா? பஞ்சாங்கத்தை விட்டுட்டு உங்களை நம்பினவன் நான். ரெண்டு பேரும் முட்டாள்னு ஆயிருக்கும். ஒருத்தனாவது தப்பிக்கட்டும்னு விட்டேன்." தாளை மறுபடி உறைக்குள் வைத்தபடி சொன்னார்: "ஆனா அந்த ப்ரூஃப்னு சொன்னீங்க பாருங்க, அதுக்கு உங்களை மன்னிக்கவே மாட்டேன். நான் மூணு தடவ பார்த்தேன்."

பதவியைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதன்பின் அவர் முதலில் அடித்த நோட்டீஸின் கடைசி வரி இது: 'நேரம் பஞ்சாங்கப்படி. புரொபசரைக் கேட்கவில்லை.' ப்ரூஃப் பார்க்க என்னிடமே கொடுத்தனுப்பியிருந்தார். பிழை இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

இன்றும் சாயங்காலம் இருவரும் ஏரிக்கரையில் நடக்கிறோம். மணி என்ன என்று என்னைத்தான் கேட்பார். நான் சொன்னதும் தன் கைக்கடிகாரத்தை ஒரு முறை பார்த்துக்கொள்வார்.